அவள் தாளை நான் திருத்தினேன்

எங்கள் விடுதியில் யாரும் காலையில் சாப்பிட்டதில்லை. ஏழரைக்கு மெஸ் திறக்கும், எட்டேகாலுக்கு மூடிவிடும். அந்த நேரத்தில் முக்கால்வாசிப் பேர் போர்வைக்குள் இருப்போம். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் போனைத் தள்ளிக்கொண்டு கிடந்தவளுக்கு ஏழரைக்கு இட்லி எப்படி இறங்கும்? ஒன்பதரைக்கு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடுவோம். பதினொரு மணிக்குக் கேண்டீனில் ஒரு பப்ஸ். மதியம் பாதித் தட்டுச் சோறு. சாயங்காலம் மிக்சர். துணி காயப்போட மாடி ஏறுவதுதான் உடற்பயிற்சி.

இந்த விடுதியைப் பற்றித்தான் ஓர் ஆய்வறிக்கையில், மாணவிகள் தினமும் காலை உணவு உண்கிறார்கள், எட்டு மணி நேரம் தூங்குகிறார்கள், யோகா செய்கிறார்கள், மனநிலையில் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று இருக்கிறது. அத்தனையும் பொய். நாங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய பொய். அதற்காக எனக்கு வெட்கம்கூடக் கிடையாது. ஆனால் அந்த விடைத்தாள் கட்டுக்குள் ஒரே ஒரு தாளில் உண்மை இருந்தது. எழுதியவள் என் அறைத்தோழி. அதை ரப்பரால் அழித்துவிட்டுப் பொய்யை எழுதியவள் நான்.

அவள் கெங்கவல்லிப் பக்கத்துக்காரி. அவள் அப்பா கொஞ்சம் நிலத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிறவர். நான் சங்ககிரி. என் அப்பா லாரி ஓட்டுகிறவர். எம்.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்த முதல் நாள், இரும்புக் கட்டிலில் மெத்தையை விரித்துக்கொண்டிருந்தவளிடம் நான்தான் முதலில் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

திரும்பிப் பார்த்தாள். "யாருக்கு ங்க போடுற? எனக்கா?"

"எங்கூர்ல அப்பிடித்தானுங்க பேசுவம்."

"நாயி வந்தாக்கூடப் போடுவீங்களா?"

"அது யாரு ஊட்டு நாயின்னு பாத்துப் போடுவமுங்க."

மெத்தைமேல் விழுந்து சிரித்தாள். அன்றைக்கு எனக்குச் சங்ககிரி என்று பெயர் வைத்தாள். நான் அவளைக் கெங்கவல்லி என்றேன். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போதுதான் எங்கள் சொந்தப் பெயர்கள் எங்களுக்கே ஞாபகம் வரும்.

ஊருக்குப் போய்வந்தால் அவள் பையில் வேகவைத்த கிழங்கு இருக்கும். பஸ்ஸில் வந்து ஆறி விறைத்துப்போயிருக்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டு தின்போம். அவள் எழுந்து துப்பட்டாவை இடுப்பில் செருகி, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடக்கும் வார்டனைப் போல நடந்து காட்டுவாள். எனக்குக் கிழங்கு மூக்கில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை என் தலையை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் வைப்பாள். நான் பேசினால் முழுசாகக் கேட்பாள். நான் சொல்வது லாரி டயரைப் பற்றியாக இருக்கும். அதையும் உலகத்திலேயே பெரிய சேதி மாதிரி கண்ணெடுக்காமல் கேட்பாள். அப்படி என் பேச்சை அதற்கு முன்னும் யாரும் கேட்டதில்லை, பின்னும் யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போது என் உச்சந்தலை அந்த எண்ணெய்க்காக ஏங்குகிறது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உண்மை அதுதான்.

இன்னொரு பக்கமும் இருந்தது. ஒரு நாள் நான் வேறு அறைப் பெண்ணோடு மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான். நான்கு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் ஒன்றுமே நடக்காதது போல என் துணியையும் சேர்த்துத் துவைத்து வைத்திருந்தாள். ஒரு மாதம் வெள்ளைச் சுடிதார் மட்டும் போட்டாள். அடுத்த மாதம் அதையெல்லாம் பக்கத்து அறைக்குக் கொடுத்துவிட்டாள். போட்டித் தேர்வு எழுதப்போகிறேன் என்று புத்தகம் வாங்கிக் குவித்தாள், இரண்டு வாரத்தில் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று முடியைக் காதளவு வெட்டிக்கொண்டாள். ஒரு நாள் பதினான்கு மணி நேரம் தூங்குவாள், மறுநாள் கண்ணை மூடவே மாட்டாள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சுடிதார்தான் போடுவாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

"நீ என்ன உட்டுட்டுப் போயிடுவியா?" என்று கேட்பாள். முதலில் விளையாட்டாகக் கேட்டாள். பிறகு தினமும் கேட்டாள்.

"எங்க போறேன்? பாத்ரூமுக்குத்தான் போறேன், உடு புள்ள."

இதற்கெல்லாம் இப்போது மருத்துவத்தில் பெயர் இருக்கிறது என்று தெரியும். எங்கள் விடுதியில் வைத்திருந்த பெயர் 'சீன் போடுறா'. அதைத் தாண்டி ஒருத்திக்கும் யோசனை போகவில்லை. எனக்கும்தான். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கோணிப்போய்க் கிடந்தோம். அதனால் அவளுடைய கோணல் எங்களுக்குத் தனியாகத் தெரியவில்லை.

இரண்டாவது செமஸ்டர் நடுவில் அந்தக் கேள்வித்தாள் வந்தது. கொண்டுவந்தவர் மனநலம் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மதியம் எங்கள் மாடிப் பெண்களை எல்லாம் படிப்பறையில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு தாள், பின்னால் ரப்பர் வைத்த பென்சில் ஒன்று.

"இது பரீட்சை இல்லைங்க," என்றார் அந்த அக்கா. "சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு எப்படியோ அப்படிப் போடுங்க. பேரு வேண்டாம். ரூம் நம்பரும் கட்டில் நம்பரும் மட்டும் எழுதுங்க. படிச்சுப் பார்த்துட்டு, யாராவது பேசினா நல்லதுன்னு தோணுச்சுன்னா நானே கூப்பிடுறேன். பத்து நாளுக்குள்ள லிஸ்ட் அனுப்புவேன்."

பக்கத்தில் நின்ற வார்டன் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "எல்லாரும் ஒழுங்கா எழுதுங்க. ஹாஸ்டல் பேரக் கெடுத்துறாதீங்க."

அது போதும். அக்கா சொன்னதெல்லாம் காற்றில் போய்விட்டது. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள். எங்களுக்குக் கேள்வி அச்சடித்த தாளைக் கண்டாலே வேறு மூளை வந்துவிடும். காலை ஐந்து மணிக்கு மணி அடித்து எழுப்பி, பல் தேய்க்கும் வரிசையிலும் கையில் புத்தகத்தைக் கொடுத்து, பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்து, வாரம் இரண்டு பரீட்சை வைத்து எங்களை வார்த்தெடுத்தார்கள். கேள்வி என்றால் அதற்கு ஒரு விடை. அந்த விடை புத்தகத்தில் இருக்கும். உனக்கு என்ன தோன்றுகிறது என்று எவனும் கேட்கமாட்டான். மார்க் குறைந்தால் அப்பாவைக் கூப்பிடுவார்கள்.

என் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வேதியியலில் நான் எப்போதும் வாங்குவதைவிட மூன்று மார்க் குறைந்துவிட்டது. அப்பா நாக்பூரிலிருந்து லோடு ஏற்றி வந்துகொண்டிருந்தார். வண்டியைச் சங்ககிரியில் நிறுத்திவிட்டு, ஊட்டுக்குக்கூடப் போகாமல், பஸ் ஏறி அப்படியே வந்தார். காக்கிச் சட்டையில் கிரீஸ் கறை. கண் இரண்டும் சிவந்திருந்தன. அலுவலக அறையில் நான்கு பெற்றோருக்கு முன்னால் அவரை நிற்க வைத்து, "உங்க பொண்ணுக்குப் படிப்புல கவனம் இல்லை" என்றார்கள். அப்பா, "செரிங்க, செரிங்க" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். "நல்லாச் சாப்புடறயா சாமி?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே படிப்பறையில் என்ன நடந்தது என்றால், தாளைக் கொடுத்து ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவள், அதோடு மாடிப் பிரதிநிதி.

"ஏய், ஆறாவதுக்கு என்ன?" பின்னால் இருந்தவள் கேட்டாள்.

"'ஒருபோதும் இல்லை'ன்னு போடு."

"ஏழு?"

"அதுவும் அதேதான். பதினாறு வரைக்கும் ஒரே கோடா எறங்கு."

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டா சந்தேகம் வராதா?"

"நடுவுல ரெண்டு 'எப்போதாவது' போட்டுக்க. டேஞ்சர் இல்லாத கேள்வியாப் பாத்துப் போடு."

"யோகா செய்யறமா?"

"செய்யறோம்."

"எப்ப?"

"காலைல. சாப்புடறதுக்கு முன்னாடி."

அடக்கமுடியாமல் ஒரு வரிசையே சிரித்தது. அந்த அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, சந்தோஷமாகத்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

கெங்கவல்லி மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. சொந்த ஊர் அரசுப் பள்ளியில் படித்தவள். அவளுக்கு அந்த வித்தையெல்லாம் பழக்கமில்லை. 'உங்களுக்கு எப்படியோ அப்படி' என்று சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள். தலையைக் குனிந்து, கையால் தாளை மறைத்துக்கொண்டு, கடைசி ஆளாக முடித்துக் கொடுத்தாள். தாள்களைத் திரட்டி, அறை வாரியாக அடுக்கி, ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் கொடுப்பது என் வேலை. தாள் கட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். அவள் குளிக்கப் போயிருந்தாள்.

நான் அவள் தாளைப் படித்தேன்.

தூக்கம் எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் கட்டத்தை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'ஒரு நாள் பத்து மணி நேரத்துக்கு மேல. ஒரு நாள் ஒண்ணுமே இல்ல.' காலை உணவு: இல்லை. 'நெருங்கியவர்கள் என்னைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன்' என்பதற்கு 'எப்போதும்'. 'நான் எப்படிப்பட்டவள் என்பது எனக்கே பிடிபடுவதில்லை' என்பதற்கு 'எப்போதும்'. 'என்னை நானே காயப்படுத்திக்கொண்டதுண்டு' என்பதற்கு 'சில நேரம்'. கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுத மூன்று கோடு விட்டிருந்தார்கள். எங்கள் மாடி முழுக்க அந்தக் கோடுகள் காலியாக இருந்தன. இவள் நிரப்பியிருந்தாள்.

'பக்கத்துல யாராவது இருந்தா நான் இருக்கேன். இல்லன்னா உள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்கு. இத யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. கூப்பிட்டா வருவேன்.'

எனக்கு வந்தது பயம்தான். அவள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலுவலகத்தில் நின்று தலையாட்டுவது கண்முன்னால் வந்தது. இதைப் படித்தால் அவளைக் கூப்பிடுவார்கள், அப்பாவைக் கூப்பிடுவார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தப்புத்தப்பாக எழுதி வைத்திருக்கிறாளே, ஒன்றும் தெரியாத பிள்ளையாக இருக்கிறாளே என்று கோபமாகவும் வந்தது. இன்னொன்றும் இருந்தது. அவளை அனுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் தலையை யார் மடியில் போட்டுக்கொள்வார்கள்? அதுவும் அந்தப் பயத்துக்குள் இருந்தது. அதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

பென்சிலைத் திருப்பிப் பிடித்து அழித்தேன். மட்டமான ரப்பர், தாள் கறுத்தது. எச்சில் படாமல் ஊதி ஊதித் துடைத்தேன். எட்டு மணி நேரம். தினமும். ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. ஒருபோதும் இல்லை. கடைசி மூன்று கோட்டை அழிக்கத்தான் நேரம் பிடித்தது. பென்சிலை அழுத்தி எழுதியிருந்தாள். அழித்த பிறகும் தடம் இருந்தது. உள்ளங்கையால் தேய்த்துவிட்டேன்.

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தபோது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அவள் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "பசிக்குதுடி, வா சாப்புடலாம்" என்றாள். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். நான் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பத்து நாளில் லிஸ்ட் வந்தது. ஆறு அறை எண்கள். வேறு மாடிப் பெண்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு என்னிடம்தான் கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்றாள்.

"நம்ம ரூமு இருக்கா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டன் புள்ள. இல்ல."

"இன்னொரு லிஸ்ட் வரும்னு சொன்னாங்களா?"

"தெரியல."

தானே விரல் வைத்து ஆறு எண்களையும் படித்தாள். மறுநாள் போய்ப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். அதே ஆறு எண்கள்தான். ஒரு மத்தியானம் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டாள்.

"அந்த அக்கா எல்லாத்தையும் படிச்சிருப்பாங்க இல்ல?"

"படிச்சிருப்பாங்க."

"படிச்சிட்டும் கூப்புடல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சொன்னால் நான்கு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளே என்று விழுங்கினேன். நான்கு நாள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு கிழங்கு இல்லை, எண்ணெய் இல்லை. வார்டன் நடையும் இல்லை. வகுப்புக்கு வருவதைக் குறைத்தாள். ஒரு நாள் என் தலையணையைத் தூக்கி வராந்தாவில் எறிந்து, "நீயும் போயிடு, இப்பவே போயிடு, அப்புறம் போறதுக்கு இப்பவே போ" என்றாள். இரண்டு மணி நேரம் கழித்து அந்தத் தலையணைக்கு உறை மாற்றிக் கொண்டுவந்து வைத்தாள். இப்படி மூன்று முறை நடந்தது. எனக்குப் பரீட்சை வந்துகொண்டிருந்தது. படிக்க முடியவில்லை, வேறு அறை வேண்டும் என்று வார்டனிடம் எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பும்போது அவள் அழவில்லை. "நான்தான் சொன்னேன் இல்ல" என்றாள். ஒரு கணக்குக்கு விடை சரியாக வந்ததுபோலச் சொன்னாள்.

மூன்று வாரத்தில் அவள் அப்பா குட்டியானை வண்டியோடு வந்தார். வாளி, மெத்தை, படிக்காத புத்தகங்கள். நானும் கூடச் சேர்ந்து ஏற்றினேன். அவர் பக்கிள் வைத்த கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார். "கூட இருந்த பொண்ணு நீதானாம்மா? இவளுக்கு என்னா ஆச்சுன்னு உனக்காச்சும் தெரியுமா?"

"தெரியலீங்க," என்றேன்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி கேட்டைத் தாண்டியது. நான் அங்கேயே நின்றேன். கையில் அவளுடைய பிளாஸ்டிக் மக் இருந்தது. ஏற்ற மறந்துபோயிருந்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில்தான் குளிக்கிறேன்.

அடுத்த வருஷம், அதே அறிவிப்புப் பலகையில் அந்த ஆய்வின் சுருக்கத்தை ஒட்டினார்கள். எங்கள் விடுதி மாணவிகளின் வாழ்க்கை முறை மெச்சத்தக்கதாக இருந்ததாம். வார்டன் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். பலகை முன்னால் நின்ற இடத்திலேயே முடிவெடுத்து அந்த அக்காவின் துறைக்குப் போனேன். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மூன்று கோட்டையும் வார்த்தை மாறாமல் சொன்னேன். நான் உருப்போட்டதிலேயே மறக்காதது அது ஒன்றுதான்.

அவர் கரண்டியை வைத்துவிட்டார். "ஏம்மா அப்படிப் பண்ணின?"

"தப்பா எழுதுனா அப்பாவக் கூப்புடுவீங்கன்னு நெனச்சனுங்க."

"என்னைப் பார்த்தா அப்பாவக் கூப்பிடுற ஆளு மாதிரியா இருந்துச்சு?"

"தாள் கொடுக்கறவங்க எல்லாரும் எங்களுக்கு அப்படித்தானுங்க."

திட்டவில்லை. டிபன் பாக்ஸை மூடிவைத்தார். அவருடைய ஆய்வில் என்ன மிச்சம் என்று நினைத்தாரோ, அவளைப் பற்றி நினைத்தாரோ தெரியாது. பிறகு ஒரு துண்டுத் தாளில் தன் போன் எண்ணை எழுதினார். "நேர்ல போய்ச் சொல்லு. நான் கூப்பிட்டேன்னும் சொல்லு. இப்பவும் கூப்பிடுறேன்னு சொல்லு." நிரப்பாத கேள்வித்தாள் ஒன்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். எதற்கு என்று எனக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர் போய், அங்கிருந்து கெங்கவல்லி பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசலில் கிழங்கு குவிந்திருந்தது. அவளும் அவள் அம்மாவும் உட்கார்ந்து மண் தட்டிக்கொண்டிருந்தார்கள். முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது. முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்தும் எழவில்லை.

"என்னா சங்ககிரி, வழி தப்பிட்டியா?"

அவள் அம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். நான் மண்ணில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவள் ஒரே கிழங்கைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எட்டு மணி நேரம் தூங்குறேன்னு போட்டியா?"

"ஆமா."

"காலைல சாப்புடுறேன்னு?"

"ஆமா."

"யோகாவும் பண்றேனா?"

"பண்ற. தெனமும்."

சிரித்துவிட்டாள். பழைய சிரிப்பு. இத்தனை மாதமாக நான் ஏங்கிக் கிடந்த சிரிப்பு. அதைக் கேட்டு நானும் சிரிக்கப் போனேன். அதற்குள் நிறுத்திவிட்டாள்.

"அந்த போர்டு முன்னாடி எத்தன நாள் நின்னேன் தெரியுமாடி?"

"தெரியும்."

"தெரியும்ல? கூடவே நின்னியே."

நான் துண்டுத் தாளைக் கொடுத்து, அந்த அக்கா சொன்னதைச் சொன்னேன். வாங்கி, படித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த கேள்வித்தாளைப் பிடுங்கி விரித்தாள்.

"இது எனக்கா?"

"நீ வேணும்னா..."

"எனக்கு வேணாம். நான் எழுதுனத எழுதிட்டேன். நீ எழுது. இப்ப, இங்க ஒக்காந்து எழுது. யாரயும் பாக்காத."

பென்சில் இல்லை. அவள் தம்பியின் பேனாவை அவள் அம்மா எடுத்துக் கொடுத்தார். பேனாவில் ரப்பர் கிடையாது. தொடையில் வைத்து எழுதினேன். தூக்கம் ஐந்து மணி நேரம். காலை உணவு இல்லை. யோகா இல்லை. 'நெருங்கியவர்கள் என்னைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன்.' படிப்பறையில் ஒரு மாடிக்கே விடை சொன்னவள் நான். இந்த இடத்தில் பேனா நின்றது. அவள் கிழங்கு தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். 'எப்போதும்' என்று போட்டேன். கடைசி மூன்று கோட்டுக்கு வந்தேன். எனக்குச் சொந்தமாக ஒன்றும் வரவில்லை. அவள் எழுதி நான் அழித்ததில் கடைசி வரியை மட்டும் எழுதினேன்: 'கூப்பிட்டா வருவேன்.'

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். கடைசி வரியில் நெடுநேரம் நின்றாள்.

"நான் இதத் திருத்த மாட்டேன்," என்றாள். நான்காக மடித்து உள்ளே கொண்டுபோனாள். திரும்ப வரவில்லை. அவள் அம்மாதான் வேகவைத்த கிழங்கைப் பையில் போட்டுக் கொடுத்து, "அஞ்சரை பஸ்ஸ உட்டா அப்புறம் இல்லம்மா" என்றார். பஸ்ஸில் ஒரு துண்டு எடுத்துக் கடித்தேன். சூடாக இருந்தது. அதைச் சூடாக அன்றைக்குத்தான் தின்றேன்.

அந்த அக்காவுக்கு அவள் போன் செய்தாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சேலத்தில் ஒரு மருத்துவரிடம் மாதா மாதம் வருகிறாள். அக்கா இதை மட்டும்தான் சொன்னார், அதுவும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னார். வேறு எதுவும் சொல்லமாட்டேன் என்றுவிட்டார். சரிதான். ஒரு தாளைப் படித்து நான் செய்த வேலை போதும்.

நான் இப்போது திருச்செங்கோட்டில் ஒரு ரிக்கு வண்டி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போர்வெல் போடும் வண்டிகள் எந்தெந்த மாநிலங்களிலோ நிற்கும். டிரைவர்கள், ஏஜெண்டுகள், டீசல் பங்க்குக்காரர்கள், எல்லோரும் அழைப்பார்கள். நாள் முழுக்க எனக்குப் போன் எடுப்பதுதான் வேலை. காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். தெரியாத எண்ணாக இருந்தால் எடுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நிற்கிறது. "சொல்லுங்க" என்கிறேன். மறுமுனையில் யாரோ ராய்ப்பூரிலிருந்து போர் துளைக்கும் சுத்தியல் உடைந்துவிட்டது என்கிறார்.

அவள் இன்னும் கூப்பிடவில்லை. என் தாள் அவள் வீட்டில் இருக்கிறது.